சின்ன ராசாவின் வெள்ளிக்காசு

12 நவம்பர் 2024

இன்றும் அந்த வெள்ளிக்காசு சுப்பாத்தாளின் கையில்தான் இருந்தது. காய்ச்சலில் உள்ளங்கை எரியும்போது குளுகுளுவென்று இருக்கிறதாம். இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

அமராவதி ஆற்று மணலில் கிடைத்ததாகச் சொல்லித்தான் கரூர்க்காரன் விற்றான். ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் பெயர், மண்ணும் கறையும் இறுகி மூடிக் கிடக்கிறது. யாரோ ஒரு குறுநில மன்னன். இந்த முகம் உள்ள காசு வேறெங்கும் கிடைத்ததில்லை.

“ஏனுங்க, புளி போட்டுத் தேச்சா பளிச்சுனு ஆயிருமுங்க.”

கத்திவிட்டேன். எழுத்தே போய்விடுமே!

“கட்டுனவ மேல இல்லாத கரிசனம், இந்தச் சின்ன ராசா மேல!” சிரிக்கிறாள். சிரித்தால் இருமல் வருகிறது.

15 நவம்பர்

ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து ஈஸ்வரமூர்த்தி சார் வருகிறார். பழங்காசு படிப்பதில் கெட்டிக்காரர். கறையை மருந்து வைத்து எடுத்தால் பெயரைப் படித்துவிடலாம் என்கிறார்.

அவளிடம் சொன்னேன். “பேரு தெரிஞ்சா மொதல்ல எங்கிட்டத்தானுங்க சொல்லோணும்.”

வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்?

16 நவம்பர்

போய்விட்டாள்.

21 நவம்பர்

அன்று நெற்றிக்காசு தேடினார்கள். மகள் யோகப்பிரியா தலையணை ஓரத்தில் கிடந்த வெள்ளிக்காசை எடுத்து, சந்தனம் தொட்டு, அம்மாவின் நெற்றியில் ஒட்டினாள். அவளுக்கு அது ஏதோ பழைய காசு. “அது வேண்டாங் கண்ணு” — வாய்வரைக்கும் வந்தது. ராஜாவின் தலை மேலே, எழுத்துப் பக்கம் அவள் நெற்றியோடு. அதைப் பிய்த்தெடுத்துவிட்டு ஒரு ரூபாயை வைப்பதா? என்னால் முடியவில்லை.

தோட்டத்தில், கிணற்று மேட்டில் அடக்கம் செய்தோம். காசோடுதான்.

அந்த நேரத்திலும் காசை நினைத்தேனே, ச்சீ! நானெல்லாம் ஒரு மனுசனா? அவ இல்லாம இந்த ஊட்டுக்குள்ள எப்படி இருப்பேன்...

1 டிசம்பர்

ஈஸ்வரமூர்த்தி சார் துக்கம் விசாரிக்க வந்தார். கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் காசைக் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னொண்ணு கெடைக்கற வரைக்கும் அந்த ராசா பேரே தெரியாம போயிருமுங்களே.”

“போனாப் போவுதுங்க.”

அவர் போனதும் கிணற்று மேட்டுக்கு நடந்தேன். மண் இன்னும் அமுங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டேன்.

“உனக்குத்தான் மொதல்ல தெரிஞ்சிருக்கும். அவம் பேரு என்ன? எனக்குச் சொல்லு சுப்பாத்தா.”