வெள்ளைப்படுதலும் நான் கேட்காத கேள்வியும்

இன்று காலை கொடியில் துணி எடுக்கும்போது மகளின் கறுப்பு ஜட்டி ஒன்று கையில் வந்தது. நடுவில் மட்டும் சாயம் வெளிறிச் செங்கல் நிறமாகியிருந்தது. "மூணு மாசம்கூட ஆவல, அதுக்குள்ள சாயம் போச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டாம்மா" என்றாள். குயிலாப்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறவள் பேசுகிற நியாயம் இது. கடைக்காரன் மேல் தப்பில்லை, நமக்குப் படுகிற வெள்ளைக்கு லேசான புளிப்பு உண்டு, அதுதான் சாயத்தை வெளுக்கிறது, நல்லா இருக்கிற உடம்புக்கே அப்படித்தான் என்றேன். "ஐய, காலங்காத்தால இதையெல்லாம் பேசுவியா?" என்று பிடுங்கிக்கொண்டு போனாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ போய் நாலு வருஷமாகிறது.

உனக்கும் எனக்கும் ஒரே வயசு, ஒரே வேன், உப்பளத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தி. நம் பெண்களுக்கு வெள்ளைபட்டால் காரணம் ஒன்றுதான், சூடு. நாளெல்லாம் வெயிலில் உப்புக்குள் நிற்கிறவளுக்கு வேறென்ன வரும் என்பார்கள். ஊறவைத்த வெந்தயம்தான் அதற்கு வைத்தியம். நீ அதோடு நிற்கவில்லை. கேனில் இருக்கிற நல்ல தண்ணீர் குடிக்க மட்டும் என்பதால், ஒரு டப்பாவில் பாத்தித் தண்ணீரையே மொண்டுகொண்டு கருவேல மறைவுக்குப் போவாய். உள்ளே வரைக்கும் கழுவுவாய். எரியாதாடி என்று கேட்டால், "உப்புல போட்ட மீனே கெடாம இருக்குது, நான் மட்டும் கெட்டுடுவனா?" என்பாய். உன் வாய்க்கு முன்னால் யார் நிற்பது? எரிச்சலில் காலை அகட்டி அகட்டிக் கூடையோடு நடப்பாய். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

காப்பர்-டி எடுக்கப் போன ஆஸ்பத்திரியில்தான் நான் ஒரு நர்ஸம்மாவிடம் இதைக் கேட்டேன். "வெள்ளை படறது நோய் இல்லம்மா. மாசத்துக்கு நடுவுல முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும், அப்புறம் பால் மாதிரி கெட்டியாவும். உடம்பு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்குது, உள்ள எதையும் ஊத்திக் கழுவாதீங்க" என்றார்கள். அரிப்போ கெட்ட வாடையோ இருந்தால், திரிந்த தயிர் மாதிரியோ மஞ்சளாகவோ பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தால் உடனே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டையும்தான் காதில் வாங்கினேன். மண்டையில் நின்றது முதல் பாதி.

மறுநாள் உன்னிடம் சொன்னபோது கூடையை இறக்கிவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாய். "அப்போ எனக்குச் சூடே இல்லியா? இத்தினி வருஷமா வெந்தயம் தின்னதெல்லாம் இன்னாத்துக்கு?" அன்றைக்கு எல்லாரும் சிரித்த சிரிப்பை இன்னும் சிலர் சொல்வார்கள். டப்பாவைத் தூக்கிப் போட்டாய், ஒரே மாசத்தில் எரிச்சல் போனது. அதன்பிறகு வேனில் நான் ஏறினாலே "தள்ளி உக்காருங்கடி, டாக்டரம்மா வர்றாங்க" என்பாய். எனக்கும் அது பிடித்திருந்தது. தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

உனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ரோட்டோரம் வேனுக்காக நின்றுகொண்டிருந்தோம். "மறுபடியும் படுதுடி. இப்ப வேற மாதிரி இருக்குது" என்றாய். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எல்லாருக்கும் இருக்கிறதுதான். மாறும்னு நர்ஸம்மாவே சொன்னாங்க இல்ல?" என்றேன். "அப்போ சரி" என்றாய்.

என்ன மாதிரி என்று நான் கேட்கவில்லை. நிறம் கேட்கவில்லை, வாடை இருக்கிறதா என்று கேட்கவில்லை. எல்லாம் நின்றுபோனவளுக்குப் புதிதாக ஏன் என்றும் தோன்றவில்லை. ஒவ்வொருத்திக்கும் அவளுக்கென்று ஒரு வழக்கம் இருக்கும், அதிலிருந்து விலகினால்தான் பார்க்க வேண்டும் என்கிற சின்ன விஷயம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த மாதிரி பேசினேன்.

ஆறு மாசம் கழித்து ரத்தம் வந்தது. பாண்டிச்சேரியில் காட்டினோம். கருப்பை வாயில் புற்று என்றார்கள். "வேற மாதிரி பட ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சும்மா?" என்று டாக்டர் கேட்டார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பிறகு அவரிடம், "இப்பத்தாங்க. ஒரு மாசம் இருக்கும்" என்றாய். ஃபைலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என்னைத் திட்டுவாய் என்று கூனிமேடு வரைக்கும் காத்திருந்தேன். "பசிக்குதுடி" என்றாய், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது. அந்த ஆறு மாசம் உன்னைக் காப்பாற்றியிருக்குமா என்று யாரிடமும் கேட்கத் தைரியம் வரவில்லை.

உனக்குப் பதிலாக என் பக்கத்துப் பாத்திக்கு ஒருத்தி வந்திருக்கிறாள். நம்மைவிடப் பத்து வயசு சின்னவள், கூச்சக்காரி. போன மாசம் வேலை முடிந்து கால் கழுவும்போது, "அக்கா, கொஞ்ச நாளா ஒரு மாதிரி படுதுக்கா" என்றாள். நான் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். நிறம் என்ன, வாடை இருக்கிறதா, அரிக்கிறதா, எப்போதிலிருந்து என்று ஒன்று விடாமல் கேட்டேன். பழுப்பாகப் படுகிறதாம், நாற்றம் இருக்கிறதாம், மூன்று மாசமாம். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே டாக்டரம்மா எத்தனை நாளாக என்று கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு வாரமாங்க" என்றாள்.

"இல்லைங்க டாக்டர், மூணு மாசம்" என்றேன் நான்.

அவள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கே சோதனைக்கு அனுப்பினார்கள். தொற்றுதான் என்று வந்தது, மருந்து கொடுத்திருக்கிறார்கள். மானத்தை வாங்கிவிட்டேன் என்று அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. வேனில் எனக்கு முன் சீட்டில்தான் தினமும் உட்கார்ந்து வருகிறாள்.