முக்கால் மணித்தியாலம்

பக்கத்து வீட்டில் யாரோ மூச்சிழுப்புக்கு ஊமத்தை இலையைச் சுட்டுப் புகை பிடிக்கிறார்கள். அந்தக் கருகல் மணம் வேலியைத் தாண்டி வந்ததும், கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு உங்கள் அறைக்கு ஓடினேன். வாசலில் போய் நின்ற பிறகுதான் நீங்கள் இல்லை என்ற நினைவு வந்தது. நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. என் கால்களுக்கு அது இன்னும் தெரியவில்லை.

வெள்ளைக்காரரின் கடற்படை இங்கே இருந்த காலத்தில், கப்பல் திருத்தும் டொக்யாட்டில் பொயிலருக்குள் இறங்கித் துருச் சுரண்டினீர்கள். வாயில் கட்டிய கைலேஞ்சி ஒன்றுதான் காவல். கடற்படை கப்பலேறிப் போய்விட்டது, தூசி உங்கள் நெஞ்சோடு நின்றுவிட்டது. மூச்சு முட்டு என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்குத்தர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுவாசப்பை கெட்டுவிட்டது, இனித் திருத்த முடியாது என்றார். எவ்வளவு காலம் என்று பெண்சாதி நான்தான் கேட்டேன். நாளைக்கே முடியலாம், பத்து வருடம் போகவும் கூடும் என்றார். வீட்டுப் படலையடியில் நின்று சொன்னீர்கள்:

"ஒரு திகதியைச் சொல்லியிருந்தால் நான் ஒழுங்கா இருந்திருப்பன்."

அன்று முதல் ஒரு கிழமைக்கு மேல் எடுக்கும் எந்த வேலையையும் நீங்கள் தொடங்கவில்லை. நத்தார்த் திருநாளுக்குச் சப்பாத்து வாங்குவோம் என்றால், ஆர் போடுவது என்பீர்கள். அந்தப் பழைய சப்பாத்தோடே இன்னும் ஐந்து நத்தார் பூசைக்கு வந்தீர்கள். கிணற்றடியில் முருங்கைத் தடி நட விடவில்லை, காய்க்கும்போது நான் இருக்கமாட்டன் என்றீர்கள். நட்டிருந்தால் வேண்டாம் வேண்டாம் என்னும் அளவுக்கு முருங்கைக்காய்க் கறி தின்றிருப்பீர்கள். எனக்கும் பைத்தியம்தான். வாளியைப் பாதியில் பிடித்துக்கொண்டு உங்கள் இருமல் கேட்கிறதா என்று நிற்பேன். இருமினால் நிம்மதி, இருமாவிட்டால் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவருவேன்.

உங்களுக்குச் சாவில் அவ்வளவு பயம் இருக்கவில்லை. பாவம் தீரச் சுவாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசாமல் போய்விடுவோமோ என்பதுதான் பயம். உங்கள் அப்பா இறக்கக்கண்டிக் கடலில் அந்த அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் போனவர். சின்ன வயதிலிருந்தே அது உங்கள் மனதில் கிடந்தது.

"சுவாமி வராமல் என்னை அனுப்பிப்போடாதை" என்று என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். ஓம் என்றேன். வெள்ளைத் துணி, பாடுபட்ட சிலுவைச் சுரூபம், இரண்டு மெழுகுதிரி, தீர்த்தப் போத்தல் எல்லாவற்றையும் அலுமாரியில் ஒரே தட்டில் எடுத்து வைத்தேன்.

முதல் தடவை மாரி மழை. உங்கள் உதடு நீலம் பாரித்ததும் நனைந்துகொண்டே சுவாமியார் இருக்கும் அறைவீட்டுக்கு ஓடினேன். சுவாமியார் சைக்கிளில் வந்தார். தெருவே முழந்தாளிட்டுச் செபித்தது. உங்கள் அக்கா செத்தவீட்டு வெள்ளைச் சேலையோடு இறக்கக்கண்டியிலிருந்து வந்து இறங்கினா. நெற்றியில் எண்ணெய் காயுமுன்னே இழுப்புத் தணிந்தது, பின்னேரம் தேத்தண்ணி கேட்டீர்கள். எல்லோரும் சந்தோசத்தில் அழுதோம். இரண்டாம் தடவை பாதிச் சனம்தான் வந்தது. மூன்றாம் தடவை உங்கள் அக்கா, என் மச்சாள், அந்தச் சேலையைத் திரும்பவும் பைக்குள் மடித்து வைத்தபடி, "இவன் பூசப் பூசத் தேறுறான், இனி மாதத்துக்கு ஒருக்காப் பூசுவம்" என்றா. நீங்களும் சிரித்தீர்கள், சிரித்து இருமினீர்கள்.

நான்காம் தடவை சுவாமியார் வந்தபோது நீங்கள் கதிரையில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் கோபிக்கவில்லை. படலை மட்டும் கூடவே போன என்னிடம் அன்பாகத்தான் சொன்னார்: "பிள்ளை, பயத்திலை ஓடி வராதையுங்கோ. ஆளை வடிவாப் பார்த்துப்போட்டு வாங்கோ." எதிர்வீட்டுக்காரி கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கத்தில் தோல் உரிந்ததுபோல் இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு வந்த இழுப்புகளில், ஏதோ ஒன்று நடந்து முடிந்தால் போதும் என்று நினைத்திருக்கிறேன். நான்கு தடவை உங்களுக்காக அழுது முடித்தவள் நான். ஐந்தாவதுக்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

அன்றைக்குக் காலை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமான இழுப்புத்தான் என்று நினைத்தேன். இலையைச் சுட்டுப் பிடித்தேன், முதுகைத் தடவினேன். நீங்கள் கையைத் தூக்கி வாசலைக் காட்டினீர்கள். பிறகு அலுமாரியைக் காட்டினீர்கள். எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று யாரிடமும் சொல்லலாம், உங்களிடம் சொல்ல ஏலாது.

"கொஞ்சம் பொறுங்கோ, பார்த்துப்போட்டுப் போறன்" என்றேன்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிர்வீட்டுக்காரி வேலியடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முக்கால் மணித்தியாலம். இடையில் ஒரு தடவை உங்கள் விரல்கள் மறுபடியும் வாசல் பக்கம் அசைந்தன. அறைவீட்டுக்குப் போய்வரப் பத்து நிமிடம் போதும். நான் எழும்பிச் செருப்பை மாட்டியபோது உங்கள் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். மச்சாள் நம்பினா. சுவாமியார் வந்து சூடு ஆறாத உடம்பில் எண்ணெய் பூசி, ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்றார்.

சனிக்கிழமைகளில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். கோபம், புறணி, செபத்தில் பராக்கு எல்லாம் சொல்கிறேன். இதை மட்டும் சொல்வதில்லை. சொன்னால் சுவாமியார் கையை உயர்த்தி மன்னித்துவிடுவார். நீங்கள் கேட்டும் அந்தக் கடைசிப் பூசுதல் கிடைக்காமல் போனீர்கள். எனக்கும் அந்த மன்னிப்பு வேண்டாம்.