பாறையில் நிறுத்திய வண்டி

அன்புள்ள அம்மாவுக்கு ஃபரூக் ஸலாம் சொல்லி எழுதுறது. இங்க நான் சுகமா இருக்கேன். உங்க முழங்கால் வலி இப்ப தேவலையாங்க?

மலையில குளிர் அதிகம். ஆனா நம்ம தோல் ஷாப்புல தோல் பதம் பண்ண வேண்டிய கொன்னைப்பட்டை நல்லாவே கிடைக்குது.

போன வாரம் ஒரு கூத்து. தெருவெல்லாம் சேறா இருக்குதுன்னு, பட்டை ஏத்துற மாட்டு வண்டிய வூட்டுக்கு எதிர்ல இருக்கிற தட்டைப் பாறையில விட்டிருந்தேன். பக்கத்து வூட்டு மங்கம்மாள் ஓடி வந்து, "இன்னா பாயி, இப்டி பண்ணிட்ட! வண்டிய எடு!"ன்னு கத்தினாங்க. தெருவே கூடிடுச்சு. தோல் ஷாப்பு ஆளுன்னு நம்மள வெறுக்குறாங்க, வூட்டைக் காலி பண்ணச் சொல்லப் போறாங்கன்னு நெனச்சுப் பெட்டியக்கூடக் கட்டிட்டேன்.

அவங்க வூட்டுக்காரர் பஞ்சாட்சரம் எடுத்துச் சொன்ன அப்புறம்தான் புரிஞ்சுது. அந்தப் பாறைதான் தெருவுக்கே சாமை அடிக்கிற களமாம். அறுப்புக்கு முன்னாடி கழுவிப் பூசை போட்டுட்டா, செருப்புக் காலோடகூட யாரும் ஏறமாட்டாங்களாம். நான் சக்கரத்தையே ஏத்திட்டேன்! வண்டிய தள்ளிட்டு, நானே தண்ணி ஊத்திக் கழுவி விட்டேன். மங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இனிமே அவங்க வூட்டுப் புளியமரத்தடியிலயே வண்டிய விடச் சொல்லிட்டாங்க.

சட்டைக்குப் பித்தானும் எலுமிச்சை ஊறுகாயும் அனுப்புங்க. தங்கச்சி அமீனாவ அடிக்கடி எழுதச் சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும் போடுற சண்டையா இருந்தாலும் பரவால்ல, எழுதட்டும்.

இந்தக் கடுதாசிய எடுத்துக்கிட்டு ஆலங்காயம் போற ஆளு வாசல்ல அவசரப்படுத்துறாரு. ஒண்ணு மட்டும் சொல்லிட்டு முடிச்சிடுறேன். நேத்து பட்டை ஏத்திக்கிட்டு நான் வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு. மங்கம்மாள் புளியமரத்தடியில நின்னுக்கிட்டு, "இன்னும் வண்டியக் காணோமேன்னு பாத்துக்கினு இருந்தேன், பாயி"ன்னாங்க.

கவலைப்படாம தூங்குங்கம்மா.

ஃபரூக்