பச்சைக் கொத்தமல்லியும் வடிகட்டித் துணியும்

திருவண்ணாமலை
14.9.2003

அன்புள்ள தீக்ஷாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இன்றைக்குத்தான் தைரியம் வந்தது, அதனால்தான் உன் கடிதத்துக்குப் பதில் பதினெட்டு நாள் தாமதம். செவ்வாய்க்கிழமை போனில் உடனே ரத்தப் பரிசோதனை செய்துகொள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், ஏம்மா என்று நீ மூன்று தரம் கேட்டும் சொல்லவில்லை. பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள், தவிர என் தப்பை நின்றுகொண்டே சொல்ல எனக்கு வரவில்லை. உனக்கு ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்ததை நேற்று உன் ஹாஸ்டல் வார்டன் சொன்ன பிறகுதான் இரண்டு வாய் சோறு இறங்கியது.

சுதர்சனுக்கு டைபாய்டு. பயப்படாதே, இப்போது காய்ச்சல் இல்லை, வீட்டுக்கு அழைத்துவந்து ஐந்து நாளாகிறது, குழைந்த சாதத்தைப் பார்த்தாலே உன் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், கிரிக்கெட் மட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறான். முதலில் மழையில் நனைந்த காய்ச்சல் என்று நானே மாத்திரை கொடுத்து நாலு நாளைக் கெடுத்தேன். டாக்டர் கஸ்தூரி, பையன் வெளியே என்ன சாப்பிட்டான் என்று கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. நாங்க ஜைனருங்க டாக்டர், பொழுது சாய்ஞ்சா சாப்பாடே கிடையாது, தண்ணியைத் துணியில வடிகட்டாம ஒரு வாய் குடிக்க மாட்டோம், மழைக்காலம் நாலு மாசம் இலையில இருக்கிற பூச்சி சாகுமேன்னு கீரையே தொட மாட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். அப்ப பச்சையா எதுவுமே தரலையா, சட்னி கிட்னி எதுனா என்று அவர் கேட்டதும்தான் டிபன் டப்பா நினைவுக்கு வந்தது. நானும் அப்பாவும் மட்டும்தான் இலையை விட்டிருக்கிறோம். வளர்கிற பிள்ளை, ரத்தம் கம்மி என்று சுதர்சனுக்குத் தினமும் பச்சைக் கொத்தமல்லியை அரைத்து டிபன் டப்பாவில் வைத்தேன். வதக்கினால் சத்து போய்விடுமாம், பாட்டனி படித்தவள் அல்லவா. வடிகட்டின தண்ணீரில்தான் அலசினேன் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. துணியில புழு பூச்சி நிக்கும்மா, டைபாய்டு கிருமி நிக்காது, பி.எஸ்ஸி. படிச்ச நீங்களே இப்படிச் சொன்னா நான் யாருக்குப் போய்ச் சொல்றது என்றார். உன் அத்தை வேதா பக்கத்திலேயே நின்றிருந்தாள், விடுவாளா. எங்களுக்கு ஒரு நியாயம், உன் புள்ளைக்கு ஒரு நியாயமா அண்ணி, நாலு மாசம் பொறுக்க முடியலையா என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்தாள். அவள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, கிருமி மாதம் பார்த்து வருவதில்லை, தை மாதத்திலும் அதே வாய்க்கால்தான்.

வாய்க்கால் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் தெருவுக்குக் கீரை கொண்டுவருகிற காசியம்மாளோடு போன வாரம் வேங்கிக்கால் பக்கம் அவள் கொல்லைக்கே போய்ப் பார்த்தேன். பயிர் வளர்வது கிணற்றுத் தண்ணீரில்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பறித்த கட்டுகளை முக்கி எடுப்பது ரோட்டோர வாய்க்காலில், புது வீடுகளின் கழிவெல்லாம் அதில்தான் விழுகிறது. இதுலயா அலசுற என்று கத்திவிட்டேன். அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. முன்னெல்லாம் மண்ணோடதானே கொண்டாந்தேன், நீங்கதாம்மா மண்ணு கிண்ணு இருந்தா வாங்க மாட்டேன், பளபளன்னு கொண்டான்னு ரெண்டு தரம் திருப்பி அனுப்பினீங்க, உங்க கொத்தமல்லிக்குன்னு தனியா மோட்டார் போடுவாங்களா என்றாள். திருப்பி அனுப்பியது வாஸ்தவம்தான். அதனால்தான் காய்ச்சல் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. இனிமேல் மண்ணோடேயே கொண்டுவா, நான் கழுவி வேகவைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இனி உன் விஷயம். நீ நாக்பூர் புறப்பட்டபோது அந்த வெள்ளைத் துணியை உன் பெட்டியில் மடித்து வைத்து, குழாய்த் தண்ணீரை இதில் வடிகட்டிவிட்டால் ஒரு பயமும் இல்லை, வெள்ளரி, கொத்தமல்லி எல்லாவற்றையும் அதிலேயே கழுவிப் பச்சையாகச் சாப்பிடு என்று சொன்னவள் நான். அந்தத் துணி தண்ணீரில் இருக்கிற சிற்றுயிர்களை நம்மிடமிருந்து காப்பாற்ற வந்தது, நம்மைக் காப்பாற்ற யாரும் அதைக் கட்டவில்லை. ரூமில் நாங்கள் ஐந்து பேரும் அம்மா துணித் தண்ணீர்தான் குடிக்கிறோம் என்று நீ எழுதியதைப் படித்து முதலில் பூரித்துப்போனேன், அதையே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து மறுபடி படித்த பிறகுதான் உனக்குப் போன் செய்தேன். நேற்று வார்டன் இன்னொன்றும் சொன்னார். உன் ரூம் சிந்துஜாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சலாம், பரிசோதனைக்கு வரமாட்டேன் என்கிறாளாம், வடிகட்டின தண்ணிதானே குடிக்கிறோம், எனக்கெப்படி டைபாய்டு வரும் என்று கேட்டாளாம். நான் டாக்டரிடம் பேசின பேச்சேதான். அவளைக் கட்டாயம் அழைத்துப்போகும்படி வார்டனிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். இது வந்து சேரும்போதும் அவள் போகாமல் இருந்தால் நீ அன்றைக்கு வகுப்பை விட்டுவிட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போ.

துணியைத் தூக்கிப் போடாதே, வடிகட்டு, பிறகு தளதளவென்று கொதிக்கவை. நம் துறவிகளும் காய்ச்சின தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், வழக்கத்துக்கு ஒன்றும் விரோதமில்லை. கீரையை நாலு மாதம் விடுவதும் விடாததும் உன் இஷ்டம், ஆனால் சாப்பிட்டால் வேகவைத்துச் சாப்பிடு. மெஸ்ஸில் பச்சைச் சட்னியைத் தொடாதே, வெள்ளரியைத் தோல் சீவித் தின்னு. முக்குகிற ஹீட்டர் ஒன்று பார்சலில் வருகிறது, வார்டனிடம் அனுமதி வாங்கிவிட்டேன், தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் சுவிட்சைப் போடு. ரிசல்ட் சீட்டின் ஜெராக்ஸ் ஒன்று அனுப்ப மறக்காதே, அப்பா வெளியே சொல்லாவிட்டாலும் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறார்.

நீங்கள் ஐந்து பேரும் அருகன் அருளால் நோய் நொடி இல்லாமல் படித்து முடிக்க வேண்டும். மற்ற பெண்களை உட்காரவைத்து இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டு, தமிழ் தெரியாதவர்களுக்கு இந்தியில் சொல். அம்மாவை விட்டுக்கொடுக்கிற மாதிரி இருக்கிறதே என்று ஒரு வரியையும் விட்டுவிடாதே.

உன் அம்மா,
தே. தர்மதேவி