முதலாளி மகனைப் பிடித்தவள்

மரக்காணம்,
11.8.1987

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் மூட்டுவலி குறைய மாதாவை வேண்டுகிறேன். உப்புக்காற்றில் எனக்குக் கண்தான் எரிகிறது, வேறு குறையில்லை.

நியூசிலாந்திலிருந்து உங்கள் மகன் அனுப்பிய முட்டை வடிவப் பந்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். அந்த நாடு ரக்பி உலகக் கோப்பையை வென்ற படங்களையும் காட்டினேன். பந்தோடு ஓடுகிறவனை இடுப்பைப் பிடித்து வீழ்த்த வேண்டும் என்று விதியைச் சொன்னேன்.

உப்பள முதலாளியின் மகன் பந்தோடு ஓடினால் மட்டும் எல்லோரும் கைகட்டி வழிவிட்டார்கள்.

"ஏன் பிடிக்கவில்லை?" என்று அதட்டினேன்.

"அவுங்க அளத்துலதான் டீச்சர் எங்கம்மா உப்பு வார்றாங்க," என்றாள் சகாயசெல்வி.

"மைதானத்தில் முதலாளி கிடையாது. பிடி!"

பிடித்தாள். இருவரும் மண்ணில் உருண்டார்கள். "ஏ புள்ள, இன்னொரு தரம் பிடி பாக்கலாம்!" என்று சிரித்தபடி எழுந்தான் பையன்.

மறுநாள் அவள் தாயை அளத்துக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கவலைப்படாதீர்கள், இப்போது அந்தத் தாய்க்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. என் மகன் வீட்டில் சோற்றுக்குத் தலைகுனியக் கூடாதென்றுதான் இந்த வயதில் இங்கே வேலைக்கு வந்தேன். அப்படிப்பட்ட நான் அவளுக்காக முதலாளி வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொல்லவில்லை.

நேற்றும் அந்தப் பையன் பந்தோடு ஓடிவந்தான். முதலில் கைகட்டி ஒதுங்கியவள் சகாயசெல்வி. நான் அதட்டவில்லை.

கண்ணுக்குச் சொட்டு மருந்தும் என் குடையும் அனுப்புங்கள். என் வீட்டுக்காரர் கால்பந்து நடுவராக இருந்தபோது ஊதிய விசிலையும் அனுப்பச் சொல்லிப் போன கடிதத்தில் கேட்டிருந்தேன். இனி அது வேண்டாம். தபால்காரர் காத்திருக்கிறார்.

தங்கள் தங்கை,
மதலேனம்மாள்