உன் பெயருக்கு வந்த கதை

என் பாப்பு,

நீ போன பிறகு எனக்கு வருகிற கோபத்தில் பாதி உன் செல்போனால்தான் வருகிறது. துக்கத்துக்கு வந்த பெரியப்பா எல்லார் முன்னாலும், "எந்நேரமும் போன நோண்டிக்கிட்டே கெடந்தா, ஒடம்ப எங்க பாத்தா?" என்றார். மஞ்சள் காமாலைக்குப் போன் என்ன செய்யும்? வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஆனால் உன் சேக்காளி ரம்யாவிடம் விழுங்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் குரூப்பில் இருப்பவர்களும் படிக்கட்டும்.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள். நீ செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், வெளி ஆட்களுக்கும் தெரியட்டும். டிவி நாடகத்தில் வருகிற ஆட்களை வைத்து, பார்க்கிறவர்களே புதுக் கதை எழுதி ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுப்பார்கள். இன்னாரைப் பற்றி இப்படி ஒரு கதை வேண்டும் என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். யாருக்கு யார் எழுதுவது என்று நீதான் ஜோடி சேர்ப்பாய். எழுதுகிறவர் யாரென்று கடைசி வரை காட்டிக்கொடுக்க மாட்டாய். சொன்ன நாளில் எல்லாக் கதையும் ஒன்றாக வெளிவரும். யாராவது எழுதாமல் டிமிக்கி கொடுத்தால், சோற்றில் ஒரு கை இருக்க மறு கையால் மெசேஜ் போடுவாய். கதையில் கெட்ட வார்த்தை வந்தால் தூக்கிவிடுவாய். "இவ அட்மின் இல்ல, ஹெட்மாஸ்டர்" என்று அவர்கள் கிண்டல் செய்ததை நீயே எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்திருக்கிறாய்.

இந்தத் தடவை நீயும் ஒரு கதை கேட்டிருந்தாய். நீ படுக்கையில் விழுந்ததும் ரம்யா பொறுப்பெடுத்தாள். கதைகள் வெளியான அன்று உன் போனைத் திறந்து பார்த்தேன். உன் பெயரில் ஒன்றுமே இல்லை. உடனே ரம்யாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அவளுக்கு எழுதுனத வேற ஒருத்தருக்கு மாத்திட்டோம். அவருக்கு எழுதுறேன்னவங்க எழுதல. வீணாப் போக வேணாமேன்னு..."

"வீணா? என் தங்கச்சிக்கு எழுதுனது வீணா?"

"கோவப்படாதீங்கக்கா. கதைய வாங்குறவங்க படிச்சிட்டு ரெண்டு வார்த்த பதில் போடணும். அவளால..."

"நான் போடுறேன். எழுத்துக் கூட்டியாவது படிச்சுப் போடுறேன்."

"இந்த ரூலு நான் போட்டதில்லக்கா. ஒருத்தர் வராமப் போனா அவங்களுக்கு எழுதுன கதைய, கதை கெடைக்காதவங்களுக்கு மாத்திரணும், யாரும் வெறுங்கையோட போகக் கூடாதுன்னு அவதான் எழுதி வச்சா."

அடியே, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீ எதிரே இருந்திருந்தால் ஒரு அறை விட்டிருப்பேன். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் சட்டம் போட்டாயே, உனக்கென்று ஒரு வரி எழுதி வைக்கத் தெரியவில்லையா?

"அப்ப அவ மட்டும் வெறுங்கையோட போகலாமா? அம்புட்டுப் பேருக்கும் சோடி சேத்தவளுக்கு நீங்க செய்யிறது இம்புட்டுத்தானா? வாங்குனவரு வச்சுக்கிடட்டும், நான் புடுங்க வரல. ஆனா கதைக்கு மேல அவ பேரு இருக்கணும். இப்பவே பஸ் ஏறி வரட்டுமா, திருநகருக்கு, ஒன் வீட்டுக்கு?"

ரம்யா அழுதுவிட்டாள். நான் அழவில்லை. "வர வேணாம்க்கா, போட்டுர்றேன்" என்றாள். சாயங்காலமே போட்டாள். அவர் பெயருக்கு முன்னால் உன் பெயர்.

நீ கேட்டிருந்ததையும் அதன் கீழே போட்டிருந்தார்கள். நம் வீட்டில் ஏழு மணிக்கு ஓடுமே, அந்த அக்கா தங்கச்சி நாடகம். எல்லாருக்கும் தங்கச்சியைத்தான் பிடிக்கும். அக்காக்காரி சிடுமூஞ்சி, அவள் வந்தாலே தெருவே திட்டும். நீ எழுதியிருந்தாய்: "அந்த அக்கா ஒரு நாள் முழுக்கச் சந்தோசமா இருக்கணும். அன்னிக்கு அவளுக்கு யாரும் வேலை சொல்லக் கூடாது."

பாதி படித்துவிட்டேன். கதையில் அந்த அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கே இறங்குவது என்ற கவலையே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறாள். மீதியையும் படிப்பேன். எழுதிய புண்ணியவதிக்கு என் கையாலேயே பதில் போடுவேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் சொல், பாப்பு. அந்த நாடகத்தில் அத்தனை பேர் இருக்க, அவளுக்கு ஏன் கேட்டாய்?

உன் ஒரே அக்கா