கொண்டை ஊசி மாட்டிய பக்கம்

ஜமுனாமரத்தூர்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு மகள் பிரகாசி வணங்கி எழுதுவது. கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். இங்கே சிக்னல் இல்லை. சிக்னல் இருந்தாலும் போனில் பேசுவது உங்கள் காதுக்கு எட்டாது. உங்களைப் பார்த்துக்கொள்ளும் ஷைலா இதை நிறுத்தி வாசிக்கட்டும்.

எழுபது வயதில் மலையில் என்ன வேலை என்று கேட்டீர்களே, சொல்கிறேன். காசநோய் மாத்திரையால் ரமேஷ் என்பவருக்குக் காமாலை வந்தது. மரபணுவின் மேல் ஒட்டும் சில குறிகளால் அவர் கல்லீரல் மருந்தை மெதுவாகச் சிதைக்கிறதா என்று எங்கள் மருத்துவக் குழு ஆராய்கிறது; அதை ஊராருக்கு விளக்குவது என் வேலை. மரபணு என்றதுமே அவருடைய தாய் கெங்கம்மாள், டாக்டர் மாற்றித் தந்த மாத்திரைகளை ஒளித்துவிட்டார்.

“எங்க வம்சமே கெட்டதுன்னு எழுதிக்கினு போவத்தான் வந்தீங்களா?”

நான் என் ஜெபப் புத்தகத்தில் நான்கு பக்கங்களைச் சேர்த்துக் கொண்டை ஊசியை மாட்டினேன்.

“உள்ளே இருக்கிறதைப் படிக்க முடியுதா?”

“முடியாது.”

“எழுத்து அழிஞ்சுதா?”

அவர் ஊசியை உருவிப் பார்த்தார். “அப்டியேதான் கீது, டீச்சரம்மா.”

“உங்க மகன் உடம்பிலும் அப்படி இருக்கலாம். வம்சத்தில் குறையில்லை, ஒரு பக்கம் மூடியிருக்கு.”

“இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?” என்று அதட்டிவிட்டு, சாமைப் பானைக்குள்ளிருந்து மாத்திரைகளை எடுத்துவந்தார். மூன்று வாரமாக ரமேஷ் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை. கண்ணில் மஞ்சள் இல்லை.

ஒரு அட்டை கொண்டை ஊசி அனுப்புங்கள். உங்கள் பழுப்புச் சால்வையையும் அனுப்புங்கள், துவைக்க வேண்டாம். பஸ் கிளம்புகிறது, இதைக் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். என் ஊசிகள் எல்லாம் கெங்கம்மாளிடம்தான். பஞ்சாங்கத்தில் மாட்டி ஊருக்கே விளக்குகிறார், ஒரு பிழையும் இல்லாமல்.

உங்கள் மகள்,
பிரகாசி டீச்சர்